நாசல் அடைப்பு என்று நான் சொன்னது

அன்றைக்கு எனக்கு ஒரே வேலை. என் மனைவியின் தம்பி கணேசனைப் பெண் பார்க்கத் தாப்பாவுக்குக் காரில் கூட்டிப்போக வேண்டும்.

எண்பதுகளின் ஆரம்பம். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து செமோரில் இருந்தோம். எனக்கு ஈப்போவில் மில் வேலை. வாசலில் ஒரு பழைய டீசல் கார்.

கணேசனுக்கு அதுவரை பார்த்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. நல்ல பையன்தான். வேலையும் உண்டு. பெண் வீட்டில் உட்கார்ந்தால் மட்டும் வாய் திறக்க மாட்டான். லகாட்டில் ஒரு வீட்டில், "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று நேராகவே கேட்டார்கள்.

அதற்கும் பதில் சொல்லவில்லை!

"இதுவும் போச்சுனா இவன் காவி கட்டிக்க வேண்டியதுதான்" என்றாள் சரசு, என் மனைவி. "ராகுகாலத்துக்கு முன்ன போயிடணும்லா."

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு.

காலையில் பூ, பழம் வாங்கக் கிளம்பினேன். கார் இழுக்கவில்லை. மிதித்தால் முனகுகிறது. பின்னால் கறுப்புப் புகை. மோட்டார் சைக்கிளில் தாண்டிப்போன ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

"என்னா அண்ணே, கொசுக்குப் புகை அடிக்கிறீங்களா?"

வீட்டுக்கு வந்தேன். போனெட்டைத் திறந்தேன். ஒரு பார்வைதான்.

"நாசல் அடைப்பு."

டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சுகிற முனைக்குத்தான் நாசல் என்று பேர். அழுக்கு அடைத்தால் வண்டி இப்படித்தான் இருமும் என்று எங்கள் மில் லாரிக்காரன் சொல்லியிருந்தான். எனக்கு அது போதும்.

"ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோலாமே மச்சான்" என்றான் கணேசன். வெள்ளைச் சட்டை, காலில் மடிப்புக் கலையாத சிலுவார், தலையில் எண்ணெய். காலையிலேயே தயார்.

"ஞாயித்துக்கிழமை எவன்டா திறந்து வச்சிருக்கான்? துணியப் பிடி."

சோதனை சுலபம். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு நாசல் குழாயின் நட்டையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தளர்த்தியதும் எஞ்சின் தடுமாறினால் அந்த நாசல் நல்லது. மாற்றமே இல்லையென்றால் அதுதான் கெட்டது.

முதல் நட்டு. எஞ்சின் தடுமாறியது. இறுக்கினேன்.

இரண்டாவது. தடுமாறியது.

மூன்றாவது, நான்காவது. எல்லாவற்றுக்கும் தடுமாறியது.

அதாவது எல்லா நாசலும் நல்ல நாசல். புத்தியுள்ளவன் அங்கேயே ஸ்பானரைக் கீழே வைத்திருப்பான். நான் வாய்விட்டு "நாசல்" என்று சொல்லிவிட்டேனே! மைத்துனன் முன்னால் எப்படிப் பின்வாங்குவது?

"நாலுமே அடைப்பு" என்றேன்.

"நாலுமா மச்சான்?"

"பேசாத. சரசு! உள்ள ஏறி எண்ணெய் பெடல மிதி. சத்தம் கேட்கணும்."

சரசு அதுவரை மிதித்தது தையல் மிஷின் ஒன்றைத்தான். அதே மாதிரி மிதித்தாள். டடக், டடக், டடக்!

நான் அந்த நேரம் பார்த்து ஒரு நட்டைத் தளர்த்தியிருந்தேன். டீசல் பீய்ச்சியது. அவள் மிதிக்கிற தாளத்துக்குப் பீய்ச்சியது. துணியைப் பிடித்துக்கொண்டிருந்த கணேசன் மேல், தலை முதல் இடுப்பு வரை.

"அக்கா! போதும்லா!"

"இன்னும் வேகமாவா?" என்றாள் உள்ளேயிருந்து.

ஒருவழியாக நட்டை இறுக்கினேன். எஞ்சின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எஞ்சினின் மறுபக்கம் விசில் மாதிரி ஒரு சத்தம் காதில் விழுந்தது. எஞ்சின் காற்றை இழுக்கிற குழாய். கையை விட்டேன். மஞ்சள் துணி முடிச்சு ஒன்று, எலுமிச்சம்பழம் சைசில், குழாயின் வாயில் கச்சிதமாகச் சிக்கியிருந்தது.

"இது என்னாடி?"

சரசு இறங்கி ஓடிவந்தாள். "கை வைக்காதீங்க! கோயில்ல மந்திரிச்சு வாங்கிட்டு வந்தது. கண்ணு படக்கூடாதுனு நேத்து நான்தான் கட்டினேன்."

"கட்டுறதுக்கு வேற இடமே கிடைக்கலியா?"

"வாய் மாதிரி இருந்துச்சு. வாயில கட்டினாத்தானே எல்லாரும் வாய மூடுவாங்க?"

மூடியது. காரின் வாய்!

"இத எடுத்தா சம்பந்தம் நடக்காதுங்க!"

"எடுக்கலனா கார் நடக்காதுடி!"

கடைசியில் முடிச்சைக் கண்ணாடியில் தொங்கவிட்டோம். கார் குதிரை மாதிரி கிளம்பியது.

கணேசனை மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள் சரசு. டீசல் போகவில்லை. மேலே பவுடர் கொட்டினாள். பஸ் ஸ்டேசன் புகைக்குள் கல்யாணத்துக்குப் பவுடர் பூசிய ஆள் நிற்பது மாதிரி ஒரு வாசம். என் சட்டையைப் போட்டான். அதில் இன்னொரு மாப்பிள்ளையும் நுழையலாம்.

கோப்பெங், கம்பார் எல்லாம் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டே தாண்டினோம். ராகுகாலத்துக்குச் சற்று முன்னால் பெண் வீட்டு வாசல். எல்லாரும் உட்கார்ந்தோம். கணேசன் வழக்கம்போல் தரையைப் பார்த்தான். பெண்ணின் அப்பா மூக்கை உறிஞ்சினார். அம்மா அடுப்படிக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள்.

முடிந்தது என்று நினைத்தேன்.

பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கணேசன் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"என்னா, டீசல் வாசம் அடிக்குது?"

கணேசன் நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"எங்க மச்சான் கார் ரிப்பேர் பார்த்தாருங்க" என்றான்.

அவ்வளவுதான்! கொட்டித் தீர்த்துவிட்டான். நாசலாம், நாலுமே அடைப்பாம், அக்கா தையல் மிஷின் மாதிரி மிதித்தாளாம். என் குரலில் பேசிக் காட்டினான். "பேசாத, துணியப் பிடி!" நான் ஸ்பானர் பிடிக்கிற தோரணையை எழுந்து நின்றே செய்தான். அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்பா கண்ணைத் துடைத்தார். என் சரசு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். சூடாக இருந்தது.

உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, "பொண்ணுக்குச் சம்மதம்" என்றார் அப்பா. தட்டு மாற்ற நாள் குறித்தோம். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய நாங்களே வந்து அழைச்சுக்கிட்டுப் போறோம். நீங்க பஸ்ஸுல வாங்க."