சுமைக்கார ஈஸ்ட்டும் பெயர் சொல்லாத மேதையும்

பெருமதிப்பிற்குரிய ஆய்விதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்ஃபாக்ஸ் நகரிலிருந்து பேராசிரியர் ஷாத்லி எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும், தங்கள் மதிப்பீட்டாளரின் மூக்குக்கண்ணாடியும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

என் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. பெயர் சொல்லாத அந்த மேதை ஓரத்தில் ஒரு வரி கிறுக்கியிருக்கிறார்: "குடுவைகள் இடம் மாறியிருக்குமோ?" ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அவருக்காக மறுபடி சொல்கிறேன். ஆறு குடுவை ஈஸ்ட். மூன்றில் இருப்பவை சுமைக்காரர்கள். தமக்குத் தேவையே இல்லாத ஒரு புரதத்தை மூட்டை மூட்டையாகத் தயாரிக்க நாங்கள் பழக்கியவை. மற்ற மூன்றில் சாதாரண ஈஸ்ட், சொகுசுப் பேர்வழிகள். ஆறையும் சுடுநீரில் நிறுத்தினோம். சூடு பட்டால் செல்லுக்குள் புரதம் திரிந்த பால் போலக் கட்டிதட்டிப் போகும். சூடு தணிந்ததும் கட்டியைக் கரைத்துவிட்டு எழுந்து வேலையைப் பார்ப்பதுதான் சாமர்த்தியம். சுமைக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிட்டார்கள்! சொகுசுக்காரர்கள் சாயங்காலம் வரை கட்டியோடு கிடந்தார்கள். சுமந்தால் உரம் ஏறும் என்ற என் சித்தாந்தம் இப்படித்தான் பிறந்தது. சுடுநீரில் மை அழிந்துவிடும் என்பதால் குடுவைகளில் பெயர் எழுதுவதில்லை. என் உதவியாளர் மப்ரூக்கா வரிசையாக அடுக்குவார்: முதல் மூன்று சுமை, கடைசி மூன்று சொகுசு. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணத் தெரிந்தவனுக்கு இதில் என்ன குழப்பம்?

ஆனாலும் உங்கள் மேதை மனம் குளிரட்டும் என்று, ஜூலையில் நாடே மதியம் இரண்டு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டுக் கடலுக்கு ஓடும்போது, சோதனையை மறுபடி செய்ய எங்கள் ஆய்வகத்துக்கு மட்டும் அந்த அரைநாள் சலுகையை ரத்து செய்து முழுநாள் வேலை ஆக்கினேன், அன்றைக்கே ஏசி செத்தது, மறுநாள் இரண்டு குடுவை உடைந்தது, மூன்றாம் நாளான இன்று மேசையில் தலை சாய்த்த மப்ரூக்கா எழுப்பி ஒரு மணி நேரமாகியும் யாரோ போல விழித்தார்.

"ஐயா, நாளைக்கு என் தம்பி கல்யாணம். கெர்கென்னா தீவுக்கு மூணு மணிக் கப்பலப் புடிக்கணும், விடுங்க."

"முடிவு தெரியாம எங்க போற? அந்த ஈஸ்ட்டப் பாரும்மா. அவ்வளவு சுமையிலயும் எப்படி எழுந்து நிக்குது!"

"அதுக்கென்ன, அதோட தம்பிக்கா கல்யாணம்?"

இதுதான் சொகுசுக்காரர்களின் வாய்.

தங்கள் பத்திரிகை நீடூழி வாழட்டும். மதிப்பீட்டாளருக்கு எண்ணும் அறிவை இறைவன் அருளட்டும்.

இப்படிக்கு,
ஷாத்லி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், சேர்ந்து சிரிக்கலாமே என்று மேதையின் வரியை மப்ரூக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"ஐயா, நீங்க எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணுவீங்க?"

"இடப்பக்கம்தான். வேற எந்தப் பக்கம்?"

"நீங்க பிரான்ஸ்ல படிச்சவங்க. நான் அரபி எழுதுற கை. எனக்கு முதல்னா வலப்பக்கம்."

பதினோரு மாதமாக! ஆக, கட்டியோடு கிடந்தவர்கள்தான் சுமைக்காரர்கள். மப்ரூக்காவை நானே காரில் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விட்டேன், வழியெல்லாம் தூங்கினார். கப்பல் கிடைத்தது. நாளை முதல் ஆய்வகம் இரண்டு மணிக்கு மூடும். கட்டுரையை அச்சிட வேண்டாம். மேலே திட்டியவை மட்டும் அப்படியே இருக்கட்டும். மேதையின் இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.