எல்லாத் திரைகளிலும் ஒரு நலம் விசாரிப்பு

பயத்தில் இருப்பவனிடம் கீபோர்டைக் கொடுக்கவே கூடாது. நான் அப்போது பயிற்சிக் காலத்தின் கடைசி வாரத்தில் இருந்தேன். வெள்ளிக்கிழமை வேலையை நிரந்தரமாக்குவார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். (ஏற்கெனவே மேனாம்பேடு வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தேன். அது வேறு விஷயம்.)

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை. அங்குள்ள கணினிகளில் பழைய கோப்புகளைத் துடைக்க ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், எழுதியிருந்தேன். அதை எல்லாவற்றுக்கும் அனுப்பி ஓட்டுவது ஓர் ஆட்டோமேஷன் கருவி. எங்கோ ஒரு கணினியில் ஸ்கிரிப்ட் படுத்துவிட்டது. கருவியோ ‘தோல்வி’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. இப்படிப்பட்ட நேரத்தில் ஸ்கிரிப்டின் நடுவே ‘இதுவரை வந்தேன்’ என்று திரையில் காட்டச் சொல்வோம். செய்தி வந்தால் அதுவரை பழுதில்லை. அதையும் முதலில் சோதனைக் கணினியில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

காலையிலிருந்து மண்டை காய்ந்ததில் நான் எழுதிய செய்தி: ‘இன்னா மச்சான், உசுரோட கீறியா?’

ஓட்டினேன். ஒரே ஒரு கணினியின் பெயர் வர வேண்டிய இடத்தில் வரிசையாகப் பெயர்கள் ஓடின. கணக்குப் பிரிவு, கொள்முதல், எம்.டி. அறை... சோதனைக் கணினியைத் தேர்ந்தெடுக்க மறந்திருந்தேன்! ஓடிப்போய் மோடத்தைப் பிடுங்கினேன். (கருவி இருந்தது எஸ்டேட்டில். பிடுங்கியது என் வீட்டு மோடத்தை.)

“இன்னா, நெட்டு பூட்ச்சா?” என்றாள் சமையலறையிலிருந்து என் மனைவி கலைவாணி.

“வேலையே பூட்ச்சு.”

போன் அடித்தது. டீம் லீடர் தனசேகர். எடுக்கக் கை வரவில்லை. கலைவாணிதான் எடுத்து என் காதில் வைத்தாள்.

“எம்.டி. ரூம்ல வெளிநாட்டுக்காரங்க உக்காந்திருக்காங்கப்பா. பெரிய திரையில நீ கேட்டது வந்து நிக்குது. நம்ம ஊர் வணக்கம்னு சொல்லிச் சமாளிச்சிருக்காங்க.”

நான் தலையை விலக்க, கலைவாணி போனை இன்னும் அழுத்தி வைத்தாள்.

“இன்னொண்ணு. குடோன்ல இருக்கற ஸ்டோர்ஸ்காரர் புகார் பண்றாரு. ‘எல்லாரையும் கேட்டானுங்க, என்னை மட்டும் ஒருத்தனும் கேக்கல, நான் இன்னா செத்தா பூட்டேன்?’னு ஒரே கோவம்.”

ஸ்டோர்ஸில் மட்டும் செய்தி வரவில்லை. அப்படியானால் ஸ்கிரிப்ட் படுத்த இடம் அதுதான்! தனசேகரிடம் சொன்னேன். அவர் போய்ப் பார்த்தால், துடைக்கப் போன ஸ்கிரிப்ட் கால் வைக்கக்கூட அந்தக் கணினியில் இடமில்லை, அவ்வளவு குப்பைக் கோப்புகள்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை நிரந்தரமானது. கூடவே, நான் எதை ஓட்டினாலும் பக்கத்தில் இன்னொருவர் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது.

இப்போதும் நான் குளியலறையில் சற்று அதிக நேரம் இருந்துவிட்டால், கலைவாணி கதவைத் தட்டி அதே கேள்வியைக் கேட்கிறாள். நான் சத்தம் காட்டாவிட்டால் உடனே என் மாமனாருக்குப் போன் போட்டுவிடுகிறாள்:

“நைனா, ஸ்டோர்ஸ்ல இருந்து மட்டும் பதில் வர்ல.”