ஒரு இருமல் ஊசி, இரண்டு இருமல் பஞ்சு

உலகத்தில் நோயாளிகள் உண்டு, மருத்துவர்கள் உண்டு. இந்த இரு தரப்புக்கும் நடுவே, கட்டிலின் தலைமாட்டில், கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நிற்கும் மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அதற்குப் 'பார்க்க வந்தவர்' என்று பெயர். அவர் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவரை நீங்கள் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகுதான் வருவார், வாசலில் வாட்ச்மேனிடம் "டாக்டர் நம்ம ஆளுதான்" என்பார், கால்மாட்டில் தொங்கும் அட்டையை எடுத்துத் தலைகீழாகப் படிப்பார், எக்ஸ்ரேயை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து "ம்" என்பார், தான் வாங்கிவந்த சாத்துக்குடியில் ஒன்றைத் தானே உரித்துத் தின்றுகொண்டே "இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்று தீர்ப்பு சொல்வார். பிறகு, தன் அலுவலகத்தில் ஒருவருக்கு இதே மாதிரி வந்த கதையை ஆரம்பிப்பார். அந்த ஒருவர் இப்போது எப்படி இருக்கிறார்? இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் போவார்.

புதுச்சேரியில் இந்த இனத்துக்குக் கூடுதலாக ஒரு வசதி இருக்கிறது. பாரிஸ். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் பாரிசில் ஒரு ஒன்றுவிட்ட அண்ணன் இருப்பான், எந்த நோயைச் சொன்னாலும் "பாரிசுல இதுக்கு ஒரே ஒரு ஊசிதான்" என்று அவன் போனில் சொல்லியிருப்பான். அண்ணன் அங்கே ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறான். எந்தப் பிரிவில்? சமையல் பிரிவில். ஆஸ்பத்திரி என்றால் ஆஸ்பத்திரிதானே என்பது இவர்கள் கட்சி.

இந்த இனத்தில் நான் கண்ட மிகச் சிறந்த உருப்படி ராமலிங்கம். ரெட்டியார்பாளையத்துக்காரர், என்னோடு ஒரே அலுவலகத்தில் ஒரே அறையில் குமாஸ்தா. 2006-இல் அவருடைய சகலை பாவாடை, நோணாங்குப்பத்தில் காலையில் கழனியும் பகலில் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் வேலையுமாக இருந்த மனிதர், புதிதாக வாங்கிய டிஷ்ஷைத் திருப்பி வைக்க மாடியில் ஏறினார். கீழே டி.வி.க்கு முன்னால் நின்றுகொண்டு மனைவி தனக்கொடி "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுக்க, அவரும் இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். மாடி அவ்வளவுதான் இருந்தது.

கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்கிவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது தோள் அசைந்தது, முழங்கை மடங்கியது. விரல்களும் கால்களும் அசையவில்லை. இரண்டு மாதம் கழித்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து டாக்டர் நிர்மலாதேவி கூப்பிட்டு அனுப்பினார். தனக்கொடிக்குத் துணையாக ராமலிங்கமும் நானும் கூடப் போனோம். கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு ஒரு ஆராய்ச்சி செய்கிறார்களாம். பாதிப் பேருக்குத் தினமும் கைப்பயிற்சி, மீதிப் பேருக்கு அதே பயிற்சியோடு கையில் லேசான மின்சாரமும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

"எது நல்லது டாக்டர்?" என்று கேட்டார் ராமலிங்கம்.

"அது தெரியாமத்தான் ஆராய்ச்சி பண்றோம்."

ராமலிங்கம் என் காதில், "தெரியாமலேவா டாக்டர் ஆனாங்க?" என்றார்.

டாக்டர் பாவாடையிடம், "நீங்க இதுல என்ன எதிர்பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"நடக்கணும்னு பேராசப்படல டாக்டர். ரிமோட்ட நானே அமுக்கணும். ரெண்டு மாசமா இவ வெக்கிற சீரியலத்தான் பாத்துக்கினு கெடக்கேன்."

தனக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

சேர்ப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு என்றார் டாக்டர். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். உடம்பில் இன்னின்ன இடங்களில் ஊசி முனையாலும் பஞ்சாலும் தொடுவார்கள். எது தொட்டது என்று சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பெண்.

மதிப்பெண் என்ற சொல் காதில் விழுந்ததும் ராமலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று பிள்ளைகளை கவுன்சிலிங் வரை தள்ளிக்கொண்டு போனவர் அவர். நம் நாட்டில் எந்த வாசலுக்குள் நுழைவதானாலும் மதிப்பெண் அதிகம் வேண்டும் என்பதில் அவருக்கு என்ன சந்தேகம்? சோதனை மறுநாள் என்பதால் பாவாடைக்கு வார்டில் ஒரு கட்டில் கொடுத்திருந்தார்கள். அன்று சாயங்காலமே அங்கே டியூஷன் ஆரம்பமாயிற்று.

"சகல, நான் ஒரு தடவ இருமினா ஊசி. ரெண்டு தடவ இருமினா பஞ்சு. புரிஞ்சுதா?"

"தப்பில்லியாண்ணே?"

"ஃபெயிலானா சேத்துக்க மாட்டாங்க. அப்புறம் ஆயுசுக்கும் சீரியல்தான்."

பாவாடை உடனே ஒப்புக்கொண்டார். குண்டூசியும் காது குடையும் பஞ்சுக்குச்சியும் வைத்து ஒரு மணி நேரம் ஒத்திகை நடந்தது. குண்டூசியை எடுத்துக் கொடுத்தவன் யார் என்பது இங்கே முக்கியமில்லை. அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன் சட்டைப்பையில் குண்டூசி இருக்கத்தான் செய்யும்.

மறுநாள் சோதனை. பாவாடை கண்ணை மூடினார். டாக்டர் தொட்டார், ராமலிங்கம் இருமினார், பாவாடை சொன்னார். தோளில் ஆரம்பித்துக் கைக்கு வந்து, மார்புக்கு இறங்கி, வயிற்றைக் கடந்து, தொடை, முழங்கால், கணுக்கால், சுண்டுவிரல் வரை ஒரு இடம் விடாமல் ஊசியும் பஞ்சும் சரியாக வந்துகொண்டே இருந்தன. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாத பாவாடைக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நூற்றுக்கு நூறு.

ராமலிங்கம் கீழே போய் அரைக் கிலோ லட்டு வாங்கிவந்து வார்டு முழுவதும் கொடுத்தார். டாக்டருக்கும் ஒன்று நீட்டினார்.

"லட்டு எதுக்கு?"

"பாஸ் பண்ணிட்டாரே, டாக்டர்."

"அதனாலதான் சேத்துக்க முடியல. உணர்ச்சி கொறைஞ்சவங்களுக்குத்தான் இந்த ஆராய்ச்சி. இவருக்குத்தான் எல்லாம் தெரியுதே. இன்னிக்கே வீட்டுக்கு அழைச்சிட்டுப் போகலாம்."

தனக்கொடியின் கையிலிருந்த லட்டு பாதி வாயில் நின்றது. பாவாடை கூரையைப் பார்த்தபடி, "சீரியல்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பார்கள். பார்க்க வந்தவர் சொல்வாரா? ராமலிங்கம் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். உள்ளே தொகுதி எம்.எல்.ஏ.வின் சிபாரிசுக் கடிதம். 'கம்ப்யூட்டர் பொறுப்பாளர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, இக்கடிதம் கொண்டுவரும் பாவாடை எனக்கு மிகவும் வேண்டியவர், குலுக்கலில் ஆவன செய்யவும் என்று முடிந்திருந்தது. கொண்டுவரும் நிலையில் பாவாடை இல்லை என்பதை எம்.எல்.ஏ.வுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

டாக்டர் கடிதத்தைப் படித்தார். ராமலிங்கத்தைப் பார்த்தார். "இன்னொரு தடவ பாத்துடலாம். கண்ண மூடிக்குங்க பாவாடை" என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் வெள்ளைக் கோட்டின் பைக்குள் விட்டுக்கொண்டு சும்மா நின்றார்.

விதி அப்போது லட்டு உருவத்தில் வந்தது. பூந்தி ஒன்று ராமலிங்கத்தின் தொண்டையில் சிக்கியது. அவர் இருமினார். அடக்கப் பார்த்தார், மறுபடி இருமினார், கண்ணில் நீர் வர ஒரேயடியாக இருமினார்.

"ஊசி" என்றார் பாவாடை. "பஞ்சு. இன்னொரு பஞ்சு. ஊசி, பஞ்சு... அண்ணே, கொஞ்சம் மெதுவா."

டாக்டர் கதவைக் காட்டினார். ராமலிங்கம் வெளியே போனார். "நீங்களும்" என்றார் என்னைப் பார்த்து. நானும் போனேன். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். உள்ளே பாவாடையின் குரல் மட்டும் கேட்டது.

"தெரியல."

கொஞ்ச நேரம் கழித்து, "தெரியல."

மறுபடியும், மறுபடியும் அதே சொல். ராமலிங்கத்தின் முகம் மெல்ல மெல்ல மாறியது. அந்த மனிதர் தன் இருமலைத் தானே நம்பியிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. "அவ்ளோவா போயிடுச்சி?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தொண்டையை அடைத்தது. ஆனால் இருமப் பயமாக இருந்தது.

கடைசியில் உள்ளேயிருந்து, "கட்ட வெரல்ல... லேசா... ஊசி" என்று கேட்டது. ராமலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டார். அது அவர் எடுத்துக் கொடுக்காத விடை.

பாவாடையைச் சேர்த்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் குலுக்கியதில் மின்சாரம் கிடைக்கவில்லை, வெறும் பயிற்சிதான். "மந்திரி லெட்டரா வாங்கியிருக்கணும்" என்று ராமலிங்கம் ஒரு வாரம் புலம்பினார். பாவாடை புலம்பவில்லை. எட்டு மாதம் தினமும் பயிற்சி செய்தார். விரல்கள் மடங்கவில்லை, ஆனால் மணிக்கட்டு கொஞ்சம் எழும்பியது. உள்ளங்கையில் ஒரு தோல் பட்டை கட்டி, அதில் ஒரு சின்னக் குச்சியைச் செருகிக் கொடுத்தார்கள்.

நோணாங்குப்பம் வீட்டில் அவர் முதல்முதலாக ரிமோட்டை அமுக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு நாங்கள் பார்க்கப் போனோம். சாத்துக்குடியோடுதான். தலையணை மேல் ரிமோட். பாவாடையின் கை மெல்ல அதன்மேல் போய் நின்றது, குச்சி பொத்தானைத் தேடியது.

"மேல, சகல. அதுக்கு மேல" என்றார் ராமலிங்கம்.

"இல்ல, அதுக்குப் பக்கத்துல" என்றேன் நான்.

பாவாடை கையை எடுத்தார். "தனக்கொடி, இவங்க ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டுக் கதவ சாத்து."

வெளியே நின்றபடி கேட்டோம். சீரியல் அழுகை சட்டென்று நின்று, கிரிக்கெட் சத்தம் வந்தது. ராமலிங்கம் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேலதான் இருந்திருக்கும்" என்றார்.

இப்படியும் மனிதர்களா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் கொஞ்சம் முன்னால், அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் பாவாடை வரிசையாக "தெரியல" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஊசி என்றுதான் சொல்லிவிடேன் மனுஷா என்று உங்கள் தொண்டை லேசாகக் கரகரத்ததா இல்லையா? கரகரத்திருந்தால் வாருங்கள், பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறோம்.