கோட் கேட்டது கள்ளனில்லை, நான்

போன சனிக்கிழமை காலமை எனக்கு ஒரேயொரு வேலைதான். கிளவுட்டில கிடக்கிற தங்கச்சியின்ர ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்து, பங்குமனையில ஃபாதரிட்டக் குடுக்கிறது. பத்து நிமிச வேலை.

தங்கச்சிக்குக் கலியாணம். மாப்பிள்ளை கட்டாரிலயிருந்து லீவில வந்து நிக்கிறார். தவக்காலத்தில கோயில்ல கலியாணம் வைக்கேலாது, அது துடங்க மூண்டு ஞாயிறுதான் கிடந்துது. மூண்டு ஞாயிறும் பூசையில கலியாண ஓலை, அதாவது கலியாண அறிவித்தல், வாசிக்கவேணும். முதல் ஓலை அடுத்தநாள் தவறினா, கலியாணம் பாஸ்காத் திருநாளுக்குப் பிறகுதான். அதுக்குள்ள மாப்பிள்ளை திரும்பிப் போயிடுவார்!

சான்றிதழின்ர அசலைப் போன மாரியில கறையான் திண்டிட்டுது. ஆனா நான் லேசுப்பட்ட ஆளில்லை. பள்ளிக்கூடத்தில கொம்பியூட்டர் படிப்பிக்கிற ரீச்சர். எப்பவோ ஸ்கான் பண்ணி கிளவுட்டில போட்டிட்டன்.

போட்டதோட விட்டனானே? தரவுப் பாதுகாப்பு எண்டு ஒருநாள் கருத்தரங்குக்குப் போய்வந்து, ரெண்டு பூட்டுப் போட்டன். முதல் பூட்டு பாஸ்வேர்ட். ரெண்டாவது, போனுக்கு வாற கோட் நம்பர். என்ர போன் எந்நேரமும் பிள்ளையளின்ர கையில. அதால கோட் வாறதுக்கு என்ர புருசன்ர நம்பரைக் குடுத்தன்.

எவ்வளவு புத்தி பாருங்கோ!

வியாழக்கிழமை என்ர போன் கிணத்துக்க விழுந்திட்டுது. வாளி விட்டு எடுத்தம். போன் செத்துப்போச்சு, சிம் தப்பிட்டுது. அதை ஒரு பழைய பட்டன் போனில போட்டன். அந்தப் போனில காதில வைச்சாக் கேக்காது, ஸ்பீக்கரில போட்டாத்தான் கேக்கும். இப்போதைக்கு இது காணும் எண்டு நினைச்சன்.

பங்குமனைக்கு அம்மாவும் கூட வந்தவ. ஃபாதரின்ர கொம்பியூட்டரில நான் இருக்க, அம்மா செபமாலையோட பக்கத்துக் கதிரையில. பாஸ்வேர்ட் அடிச்சன், சரி. 'உங்கள் போனுக்குக் கோட் அனுப்பியுள்ளோம்' எண்டு வந்துது.

"மனிசன் எங்க?" எண்டு ஃபாதர் கேட்டார்.

"கடலில, ஃபாதர்."

"போன்?"

"அதுவும் கடலில."

எங்கட ஆக்கள் போனைப் பொலித்தீன் பையில சுத்திக்கொண்டுதான் தொழிலுக்குப் போறது. மன்னார்க் கடலில கொஞ்சம் அங்கால போனா போன் இந்தியச் சிக்னலைப் பிடிச்சிடும். அந்த நேரம் கோல் எடுத்தா என்ர பேர் விழாது, ஏதோ ஒரு நீட்டு நம்பர்தான் விழும். எனக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும். அண்டைக்கு மட்டும் மறந்துபோச்சு.

கோல் எடுத்தன். மனிசன் எடுத்திட்டார்! மாதாவே நன்றி!

"இஞ்சருங்கோ, உங்கட போனுக்கு ஒரு கோட் வந்திருக்கும். கெதியாச் சொல்லுங்கோ!"

காத்துச் சத்தத்துக்குள்ளால மனிசன் கத்தினார்.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தானப்பா!"

"எந்த நான்?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. "உங்கட மனிசி!"

"என்ர மனிசியின்ர நம்பர் இதில்லை. கோட் கேக்கிறவன் கள்ளன் எண்டு அவ சொன்னவ. இப்ப ஆக்களின்ர குரலையும் அப்பிடியே போலியாச் செய்யிறாங்கள் எண்டும் சொன்னவ. வையடா போனை!"

வைச்சிட்டார்.

ஓம், சொன்னது நான்தான். சோறு போடேக்க சொன்னன், தேத்தண்ணி குடுக்கேக்க சொன்னன். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில நான் சொன்னதில அந்த மனிசன் கேட்டு நடந்தது இந்த ஒண்டைத்தான்!

ஃபாதர் மணிக்கூட்டைப் பாத்தார். "ரீச்சர், நான் வங்காலைக்கு ஒரு அடக்கத்துக்குப் போகவேணும்."

திரும்ப எடுத்தன். "நான்தான் எண்டு நம்ப என்ன செய்யவேணும்?" எண்டு கத்தினன்.

"இரகசியக் கேள்விக்குப் பதில் சொல்லு பாப்பம்."

ஐயோ! அதுவும் என்ர ஏற்பாடுதான். வேற ஒருத்தருக்கும் பதில் தெரியாத கேள்வி ஒண்டை வீட்டுக்குள்ள வைச்சிருக்கச் சொல்லிக் கருத்தரங்கில சொன்னவை. உண்மையிலயே ஒரு சீவனுக்கும் தெரியாத ஒண்டைத் தேடிப் பிடிச்சு வைச்சிருந்தன்.

மனிசன் ஸ்பீக்கரில, நல்ல தெளிவாக் கேட்டார்.

"கலியாணத்துக்கு முந்தின வருசம், ஆடித் திருவிழா நவநாளுக்கு மடு மாதா கோயிலுக்குப் போறன் எண்டு தாயிட்டச் சொல்லிப்போட்டு, என்ர மனிசி எங்க போனவ?"

ஃபாதர் தலை நிமிர்ந்தார்.

"வேற கேள்வி இல்லையே?" எண்டு கெஞ்சினன்.

"கள்ளனெண்டா இப்பிடித்தான் கேப்பான்!"

தங்கச்சியின்ர முகம் கண்ணுக்க வந்துது. மாப்பிள்ளையின்ர பிளேன் டிக்கெட்டும் வந்துது. கண்ணை இறுக்கி மூடினன்.

"மன்னார் டவுனுக்கு. ஐஸ்கிறீம் குடிக்க. உங்களோட."

"எத்தினை நாள்?"

"அது கேள்வியில இல்லை!"

"எத்தினை நாள்?"

"ஒன்பது நாளும்!"

அம்மாவின்ர கையில செபமாலை உருளுறது நிண்டுது.

"ஆ, இது நீதான்!" எண்டு மனிசன் சந்தோசமாச் சிரிச்சுக்கொண்டு ஆறு இலக்கத்தையும் சொன்னார்.

சான்றிதழ் பளிச்செண்டு வந்துது. பிரிண்ட் எடுத்துக் குடுத்தன். அம்மா இருந்த பக்கம் நான் திரும்பவேயில்லை.

ஃபாதர் பேப்பரை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தார்.

"எல்லாம் சரி, ரீச்சர். ஓலை நாளைக்கு வாசிப்பன். பாவசங்கீர்த்தனம் கேக்கிறது இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு. வாங்கோ, அதுக்குக் கோட் ஒண்டும் தேவையில்லை."