வால்கொழுப்பும் கிளட்ச் பெடலும்

"சனிக்கிழமை காலையில நம்ம காரை எடுக்கறோம்" என்றாள் சூராகான்.

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் ஒமுர்பெக்குக்குத்தான் வாயில் இருந்த டீ இறங்குவதா வேண்டாமா என்று தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"எங்க எடுக்கறோம்?"

"கணவாய் தாண்டி, எங்க அம்மா வீட்டுக்கு. பெரிய தம்பி பொண்ணுக்கு நிச்சயம்னு சொன்னேன்ல?"

"வழக்கம்போல வேன்ல போயிடலாமே."

"பொண்ணுக்கு அத்தை நான். சம்பந்திங்க வாயில ஊட்டற வால்கொழுப்பும் ஈரலும் என் கையாலதான் போகணும். ஷெட்டுல வோல்காவை ராஜா மாதிரி நிறுத்திட்டு, ஆட்டு வாலை மடியில வெச்சுக்கிட்டு வேன்ல நசுங்கிட்டுப் போகச் சொல்றீங்களா?"

"பெடல் இறுகிக் கிடக்கே, சூரா."

"சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கே. இளக்குங்க."

அவ்வளவுதான். தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஒமுர்பெக் எழுந்து ஷெட்டுக்குப் போய்க் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

மலைகளுக்கு நடுவே இருந்த நரின் நகரத்தில் அப்படி ஒரு வோல்கா வேறு யாரிடமும் கிடையாது. மூக்கில் மான் தாவும் பழைய வண்டி. அவருடைய சித்தப்பா கடைசியாக ஓட்டிவந்து ஷெட்டில் விட்டுவிட்டுச் செத்துப்போனார். அன்றிலிருந்து வண்டி அங்கேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒமுர்பெக் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து இன்ஜினை உறுமவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். எங்கும் போகமாட்டார். எங்கும் போகாமல் இருப்பதற்கு இந்த உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே இடம் அதுதான். கிளட்சும் பிரேக்கும் மட்டும் மிதிக்க ஆளில்லாமல் துருவேறிக் கல்லாகிக் கிடந்தன. யார் கேட்டாலும் பெருமூச்சு விடுவார்: "எல்லாம் சரியா இருக்கு. இந்தப் பெடல்தான்..."

உண்மையைச் சொன்னால், அந்தத் துருதான் அவருடைய கோட்டைச் சுவர். ஏனென்றால் ஒமுர்பெக்குக்குக் கார் ஓட்டத் தெரியாது.

தெரியாதது குற்றமில்லை. தெரியும் என்று சொல்லி வைத்திருந்தாரே, அங்கேதான் வினை. பெண் பார்க்கப் போன அன்றைக்கே மச்சான்கள் மூன்று பேரும் குதிரையைவிட்டு இறங்காமல் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். பயத்தில் வாய்க்கு வந்ததை உளறினார். "ராணுவத்துல நான் லாரி டிரைவர். கணவாயில, பனியில, பிரேக்கே இல்லாம இறக்கியிருக்கேன்." அதன்பிறகு வருஷம் தவறாமல் விருந்து முடிந்ததும் மச்சான்கள் காலை நீட்டிக்கொண்டு, "அத்தான், அந்தப் பனிக் கதை" என்பார்கள். வருஷத்துக்கு வருஷம் பனி கூடியது, பள்ளம் ஆழமானது, லாரி நீளமானது. ராணுவத்தில் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதுகூட இல்லை.

பெடல் இளகினால் கதை கந்தலாகிவிடும். மூன்று மச்சான்கள் முன்னால், மாமியார் முன்னால், புதுச் சம்பந்தி முன்னால்.

மதிலுக்கு அந்தப் பக்கம் எசன்குல் இருந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒமுர்பெக் மதில்மேல் தலையை நீட்டினார்.

"எசன்குல் அண்ணே, பெடல் இறுகிப்போனா என்ன பண்றது?"

"பெடல் ரெண்டும் ஒரே தண்டுலதான் ஆடுது. ஊசியை உருவு, தண்டைத் தட்டி வெளிய எடு. மண்ணெண்ணெயில ஊறப்போட்டுத் துருவைச் சுரண்டு. நல்ல கிரீஸைத் தடவி மறுபடி மாட்டு. அரை நாள் வேலை. நான் வரட்டுமா?"

"வேணாம், வேணாம், வேணாம்!"

"ஒரு தடவை சொன்னா போதும்டா. ஏன் இப்படிப் பதறுறே?"

"சும்மா கேட்டேன். கிரீஸ் கிடைக்கலைன்னா... இந்த ஆட்டு வால்கொழுப்பு போட்டா ஓடாதா?"

எசன்குல் சிரித்த சிரிப்பில் அவர் வீட்டு நாய் குரைத்தது. "கொழுப்பு தின்னுட்டுப் பச்சைத் தண்ணி குடிச்சா தொண்டையில என்ன ஆகும்? சூட்டுல வெண்ணெய். குளிர்ல சிமென்ட். கறி தின்ன ஒடனே சுடச்சுட டீ குடிக்கறது எதுக்குன்னு நினைச்சே? ஒரு ராத்திரி உறைபனி விழுந்தா உன் பெடல் பழையபடி கல்லுதான்."

ஒமுர்பெக்கின் முகத்தில் வெளிச்சம் பரவியது. வாழ்க்கையில் அவருக்கு வந்த மிகச் சிறந்த யோசனை, தப்பான வழி எது என்று கேட்டதால் வந்தது. பகலில் பெடல் இளகும். சூராகான் பார்ப்பாள், புருஷன் வேலை செய்துவிட்டான் என்பாள். விடியற்காலையில் பனி அதைப் பிடித்து இறுக்கும். அப்புறம் வானத்தைக் கைகாட்டிவிட்டு வேனில் ஏற வேண்டியதுதான். வானத்தை எந்தப் பெண்டாட்டி திட்ட முடியும்?

வெள்ளிக்கிழமை காலையில் சூராகான் மாட்டைப் பார்க்கப் போன நேரம் பார்த்துச் சமையலறைக்குள் நுழைந்தார். அந்த ஊர்ச் செம்மறிகளுக்கு வால்தான் கொழுப்பு மூட்டை; நிச்சயத்துக்கென்று வாங்கிய வால், தட்டில் வெள்ளை வெளேரென்று ஒரு தலையணைபோல் உட்கார்ந்திருந்தது. சம்பந்தம் பேசும் கொழுப்பு. அதில் கை வைப்பது பாவம். ஆனாலும் கத்தியை எடுத்தார். ஓரத்தில் ஒரு துண்டை அறுத்து உருக்கி, ஷெட்டுக்கு ஓடித் தண்டின் இரண்டு முனையிலும் ஊற்றினார். சுத்தியலால் தட்டினார், காலால் உதைத்தார், மறுபடி ஊற்றினார். கடைசியில் கிளட்ச் ஒரு முனகல் முனகிக்கொண்டு இறங்கியது. பின்னாலேயே பிரேக்கும்.

சூராகானைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் குனிந்து கையால் அழுத்திப் பார்த்தாள்.

"அட! இளகிடுச்சே!"

"ராணுவத்து வித்தை."

"ஷெட்டுல என்னங்க, சமையல் வாசனை அடிக்குது?"

"பழைய இரும்பு சூடானா அப்படித்தான் வாசனை வரும்."

அவள் உள்ளே போனாள். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, கொழுப்பு குறைஞ்சிருக்கே."

"எனக்கா?"

"வாலுக்கு! ஒரு ஓரத்தைக் காணோம்."

"பூனையா இருக்கும்."

"நம்ம வீட்டுல பூனை இல்லையே."

"பக்கத்து வீட்டுப் பூனை."

"கத்தியைக் கையோட கொண்டு வந்துச்சா?"

அவள் திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் திட்டவில்லை. மலையில் பனி சரிவதற்கு முன்னால் ஒரு அமைதி இருக்கும் என்பார்கள். ஒமுர்பெக் மலையில் அதைக் கேட்டதில்லை. தன் வீட்டுக் கூடத்தில் கேட்டார்.

"சரி விடுங்க," என்றாள் ரொம்பப் பிரியமாக. "பாவம், உடம்பெல்லாம் அழுக்கு. நிச்சயத்துக்கு இப்படியா வருவீங்க? ஊர்ப் பொதுக் குளியலறைக்குப் போய் நல்லா ஆவிக் குளியல் போட்டுட்டு வாங்க. அவசரமில்ல."

அந்தப் பிரியம்தான் அவரைக் கலக்கியது. ஆனாலும் போனார். ஆவியில் வெந்துகொண்டே, இன்று ராத்திரி பனி விழாமல் போனால் என்ன செய்வது என்று பயந்துகொண்டிருந்தார். பொழுது சாய்ந்து திரும்பியபோது வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது, ஒரு மேகம்கூட இல்லை. மேகமில்லாத ராத்திரியில்தான் உறைபனி இறங்கும். நல்ல சகுனம். சூராகான் ரொட்டி எடுத்துக் கொடுத்த கையில் மண்ணெண்ணெய் வாடை வந்தது. அடுப்புப் பற்ற வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

விடிந்ததும் ஜன்னலுக்கு ஓடினார். முற்றமெல்லாம் வெள்ளை. வாளித் தண்ணீர் கண்ணாடியாகி இருந்தது. ஒமுர்பெக் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளப் படாதபாடு பட்டார்.

சூராகான் புதுத் தலைத்துணி கட்டி, வாலும் ஈரலும் வைத்த பாத்திரத்தோடு ஷெட்டுக்கு வந்தாள். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சூரா, ராத்திரிக் குளிரு ரொம்பக் கொடுமை. பெடல் தாங்குமோ தாங்காதோ..."

"மிதிச்சுப் பாருங்க."

அவள் நம்ப வேண்டுமே. பல்லைக் கடித்தார், ஸ்டியரிங்கைப் பிடித்தார், பாறையைத் தள்ளுகிறவர்போல் இரண்டு காலாலும் உடம்பின் மொத்தக் கனத்தையும் சேர்த்து ஒரே மிதி மிதித்தார்.

இரண்டு பெடலும் சத்தமே இல்லாமல் வெண்ணெயாய் இறங்கின. அவர் அவற்றின் பின்னாலேயே போனார். நெற்றி ஹாரனில் விழுந்தது. தெருவே எழுந்தது.

"தாங்கிடுச்சே," என்றாள் சூராகான்.

"எப்... எப்படி?"

"நீங்க ஆவியில வேகறப்போ எசன்குல் அண்ணன் தண்டை உருவிக் குடுத்தாரு. உங்க கொழுப்பை நான்தான் சுரண்டினேன். துருவோட கலந்து கிடந்துச்சு, நாய்கூட மோந்துட்டுத் திரும்பிடுச்சு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சுப் புது கிரீஸ் வெச்சாச்சு."

"பிரேக்கு? பிரேக் புடிக்கலைன்னா கணவாயில செத்தோம், சூரா! பார்க்காம எடுக்கக் கூடாது!"

"புடிக்குது. நேத்தே சந்தை வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"யாரு ஓட்டினா?"

"வியாழக்கிழமைதோறும் கம்பளம் அடிக்கப் போறேன்னு சொல்லுவேன்ல? எசன்குல் அண்ணனோட பழைய வேனைத்தான் ஆத்தங்கரையில ஓட்டிப் பழகிக்கிட்டிருந்தேன். லைசென்சும் வாங்கியாச்சு. நகருங்க."

ஒமுர்பெக் நகர்ந்தார். வேறென்ன செய்வார்?

வண்டி ஊரைத் தாண்டிக் கணவாய் ஏறியது. அவர் கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார். "இப்ப ரெண்டாவது கியர் போடணும்" என்றார். அவள் மூன்றாவதில் இருந்தாள். "லாரி வருது, ஒதுங்கு" என்றார். லாரி பின்னால் போய்விட்டிருந்தது. உச்சியில் சாலை பளபளவென்று உறைந்திருந்தது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. நிலக்கரி லாரிகள் வளைவுக்கு வளைவு முளைத்தன. ஒமுர்பெக் இருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை இறக்கம் முழுக்க மிதித்துக்கொண்டே வந்தார். அந்தப் பெடல் மட்டும் கடைசிவரை இளகவில்லை.

மாமியார் ஊரின் பாப்ளர் மரங்கள் தெரிந்ததும் அவருக்கு மலைப்பயம் போய்ப் பழைய பயம் வந்தது.

"சூரா, கொஞ்சம் நிறுத்தேன். வாசல்ல மட்டும் நான் உக்காந்துக்கறேன். உன் தம்பிங்க பார்த்தா..."

"ஏன், பயமா?"

"பயமா? எனக்கா?"

"அப்ப சரி," என்று நிறுத்தாமல் ஓட்டினாள்.

கைச்சுளுக்கு என்று சொல்லிவிடலாம். தோளில் என்று சொல்வதா, மணிக்கட்டில் என்று சொல்வதா என்று முடிவு செய்வதற்குள் வாசல் வந்துவிட்டது. மச்சான்கள் மூவரும் வரிசையாக நின்றிருந்தார்கள். அக்கா ஸ்டியரிங்கில் இருப்பதைப் பார்த்து ஒருவன் புருவமும் உயரவில்லை. பெரிய மச்சான் சகின்பெக் சுற்றிக்கொண்டு வந்து, அத்தான் பக்கத்துக் கதவை மரியாதையாகத் திறந்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து ஒரு சின்னக் கத்தியை அதில் வைத்தான்.

"வாங்க அத்தான், ஊரே சாப்பிட வருது, உரிக்க வேண்டிய உருளைக்கிழங்கு மூட்டை அந்தப் பக்கம் இருக்கு, ராணுவத்துல நீங்க வேற எதையும் தொட்டதில்லைன்னு அக்கா கல்யாணமான வருஷமே சொல்லிட்டா!"