வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டபடியால் கையெழுத்தைத் திரும்பக் கேட்பது

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கு,

தங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் வானதியின் தகப்பன், பூதலூர் பக்கத்து விவசாயி தியாகேசன், பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி மங்களாம்பிகையும் மாடு கன்றுகளும் நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை முழுதும் படிக்க அது அவசியம்.

வருகிற சனிக்கிழமை தொடங்கி மூன்று நாள் வெண்ணாற்றங்கரைத் தோப்பில் மாணவிகளுக்குச் சாகச முகாம் நடத்துகிறீர்கள். கூடாரம் அடிப்பது, தெப்பம் கட்டி ஆற்றைக் கடப்பது, ஆளுக்கு அரை நாள் தலைவியாக இருப்பது என்று படிவத்தில் அச்சடித்திருந்தது. அதில் கையெழுத்துப் போட்டவன் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அம்மா, நான் கையெழுத்துப் போட்ட அன்று ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஆடு படுத்திருந்தது. இந்த வருஷம் ஆடி பிறக்காமல் தண்ணீர் வராது என்று ஊரே சொன்னது. வறண்ட ஆற்றில் தெப்பம் விட்டால் என்ன, பஸ் விட்டால் என்ன என்று நானும் தாராளமாகப் போட்டுவிட்டேன். இப்போது தண்ணீர் வந்துவிட்டது, அதுவும் இருகரையும் தொட்டுக்கொண்டு. இதில் பெரிய வேதனை என்னவென்றால், குறுவைக்குத் தண்ணீர் திறந்துவிடு என்று ரயிலடியில் நடந்த மறியலில் முதல் வரிசையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியவனும் நானே. கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்து எலுமிச்சைச் சாதம் போட்டார்கள், அதையும் தின்றேன். ஊரெல்லாம் பூத்தூவித் தண்ணீரைக் கும்பிடும்போது, ஏன்தான் வந்து தொலைத்ததோ என்று நின்றவன் இந்த வட்டத்திலேயே நான் ஒருத்தன்தான்.

வீட்டில் முகாம் ஏற்கெனவே ஆரம்பமாகிவிட்டது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். காலை ஐந்து மணிக்கு வானதி விசில் ஊதுகிறாள். பதினெட்டு வருஷமாக நான் கூப்பிட்டு ஒரு தடவைகூட உடனே திரும்பிப் பார்க்காத என் மனைவி அந்த விசிலுக்கு எழுந்து நிற்கிறாள். போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்குக் கிளம்பும் முன்னால் முடிச்சுப் பழகுகிறேன் என்று கன்றுக்குட்டியைப் புதுக் கயிற்றில் கட்டிவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் மூன்று மணி, சொசைட்டிக்குப் பால் ஊற்றும் நேரம். கன்று வந்து முட்டினால்தான் அந்தப் பசு பால் விடும். கன்றோ அவிழவில்லை. நான் இழுத்தேன், பல்லால் கடித்தேன், திருப்புளியால் நெம்பினேன். அறுத்துவிடலாம் என்று அரிவாளை எடுத்தால், "புதுக் கயிறுங்க, கைய வைக்காதீங்க"னு என் மனைவி குறுக்கே நிற்கிறாள். வேறு வழியில்லாமல் பள்ளிக்குப் போன் போட்டேன் பாருங்க, உங்கள் விளையாட்டு ஆசிரியை செம்மொழி டீச்சர் அதை வகுப்பில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள். நாற்பது பிள்ளைகள் கேட்க என் மகள் சொல்கிறாள்: "அப்பா, மொதல்ல இழுக்குறத நிறுத்துங்க. கயித்தைத் தளர விடுங்க. இப்ப வளையத்தை மேல தள்ளுங்க." தள்ளினேன். ஒரு நொடியில் அவிழ்ந்துவிட்டது. வகுப்பே கைதட்டியது, கன்று ஓடியது, நான் மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதெல்லாம் பரவாயில்லை. தண்ணீர்தான் எனக்குப் பயம். இதைத் தங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு நீச்சல் தெரியாது. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன் இதை வெளியே சொல்ல முடியுமா? எட்டு வயதில் ஒருமுறை சுழலில் போய், யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அன்றோடு சரி. ஆனால் வானதி சின்னவளாக இருக்கும்போது, அப்பா வெண்ணாற்றை மூன்று தடவை குறுக்கே நீந்தினேன் என்று கதை விட்டிருக்கிறேன். போகப் போக அது ஏழு தடவையாகிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் அவள் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாளாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆழம் பார்த்துவிடுவோம் என்று நண்பர் சித்தீக்கின் லோடு ஆட்டோவில் மூங்கில் கழியோடு தோப்புக்குப் போனேன். அங்கே டீச்சரும் பத்துப் பிள்ளைகளும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒத்திகை பார்க்கிறார்கள், அன்றைக்குத் தலைவி என் மகள். அவள் பார்ப்பதற்குள் அளந்துவிடலாம் என்று அவசரமாகப் படித்துறையில் இறங்கினேன். கடைசிப் படியில் பாசி. கழி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஐயோ செத்தேன், வானதி, வானதின்னு கத்தியிருக்கிறேன், நான் போட்ட சத்தம் அக்கரை வரைக்கும் கேட்டதாக சித்தீக் சொல்கிறார். விசில் சத்தம். கயிறு வந்து மார்பில் விழுந்தது. "அப்பா, கயித்தைப் புடிங்க. உதறாதீங்க. இப்ப காலை ஊனி நில்லுங்க." நின்றேன். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

பத்துப் பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றன. வானதி திரும்பி, "ஒருத்தரும் சிரிக்கக் கூடாது"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை, அம்மா. சித்தீக்தான் சிரித்தார், அவர் முகாமில் சேர்ந்தவர் இல்லை. வீட்டுக்கு வந்தும் அவள் தன் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. ஏழு தடவை நீந்திய கதையைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அன்று சுழலில் கண்ணுக்குள் தெரிந்த அந்த இருட்டை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆகையால் ஆறு வறண்டிருந்தபோது போட்ட என் கையெழுத்தை, ஆறு ஓடும்போது செல்லாது என்று கருதி ரத்து செய்து, என் மகளை முகாமிலிருந்து விடுவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பள்ளியும் பிள்ளைகளும் சீரும் சிறப்புமாக இருக்க மயிலாடுதுறை மாயூரநாதரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் உண்மையுள்ள,
தியாகேசன்

பின்குறிப்பு: கடிதத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வானதியிடமே கொடுத்தனுப்பினேன். "போக வேணாம்னு எழுதியிருக்கீங்களாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரிப்பா, டீச்சர்கிட்ட குடுத்துடறேன்" என்று புத்தகப் பையில் வைத்துக்கொண்டாள். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வாசலில் இறங்கி நடந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. பஸ் நிறுத்தம் வரை ஓடிப்போய்க் கடிதத்தைப் பிடுங்கிப் பிரித்து இதை எழுதுகிறேன். திரும்ப எழுத நேரமில்லை, பஸ் வந்துவிட்டது, மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து செல்லும். விசிலையும் கையோடு கொண்டுவந்துவிட்டேன். முகாம் முடிந்த மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு, தன் அம்மாவுக்குத் தெரியாமல், எனக்கு நீச்சல் சொல்லித் தருகிறாளாம். அந்த ஆரஞ்சுச் சட்டையில் நாற்பத்திரண்டு அங்குலம் இருந்தால் தயவுசெய்து ஒன்று கொடுத்தனுப்பவும்.