இரண்டு பெட்டிக்காரர்

மனிதர்களில் 'சொந்த ரவுட்டர்க்காரர்' என்று ஓர் இனம் உண்டு. இணையக் கம்பெனி இலவசமாக மாட்டிவிட்டுப் போன பெட்டியை, சம்பந்தி வீட்டுச் சீர்வரிசையைப் பார்ப்பது போலப் பார்ப்பவர், "இதுல என்னத்த வந்துடப் போகுது?" என்று உதட்டைப் பிதுக்குபவர், எட்டுக் கொம்பு முளைத்த வேறொரு பெட்டியைக் கைக்காசில் வாங்கி வந்து பழையதன் வாலில் கட்டிவிட்டு, இரண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுபவர். பழையதைத் தூக்கி எறியலாமே என்கிறீர்களா? முடியாது, கம்பி அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. 'உங்கள் பெட்டி வாயை மூடிக்கொண்டு வெறும் குழாயாக இருக்கட்டும்' என்று கம்பெனிக்காரனிடம் சொன்னால் மாற்றித் தருவான். ஆனால் போயும் போயும் அவனிடம் கேட்பதா? இவரா?

பிலிப்பைன்ஸில், மரிகினா ஊரில் எங்கள் தெரு மெல்ச்சோர் இந்த இனத்தின் முதல் தரம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் மற்றவர்கள் பாட்டுப் பாட கரோக்கே பெட்டியைத் திறப்பார்கள். இவர் ரவுட்டரைத் திறப்பார். அணைப்பார், போடுவார், கொம்புகளைத் திருகுவார், அலமாரி மேலிருந்து மாதா சிலைக்குப் பக்கத்தில் மாற்றி வைப்பார், மறுபடி அணைப்பார். வீட்டில் யாராவது "நெட் வரலியே" என்று முனகினால் கைப்பேசியை நீட்டி, "எனக்கு நல்லா வருதே!" என்பார். உண்மைதான், பறந்தது. அந்த ரவுட்டரில் எப்போது பார்த்தாலும் ஒரே ஒரு கருவிதான் இணைந்திருந்தது, அது அவருடையது. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று அந்த மேதை யோசித்ததே இல்லை.

மகள் ஜோவெலினுக்கு அன்று காலை நேர்முகத் தேர்வு. கனடாவில் ஒரு முதியோர் இல்லம், நர்ஸ் வேலை, மடிக்கணினியில் முகம் பார்த்துப் பேச வேண்டும். இரண்டு வருடமாக அவள் காத்திருந்த அழைப்பு.

"அப்பா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். இன்னைக்கு மட்டும் எதையும் தொடாதீங்க."

"நானா? தொடுவேனா?"

தொட்டார். மகள் மேல் உயிரையே வைத்திருக்கும் மனிதர், சும்மா எப்படி இருப்பார்? இரண்டு பெட்டியும் அலை வீசினால் ஒன்றோடொன்று மோதுமாம். ஆகவே மகளுக்கு வழிவிட, கம்பெனிப் பெட்டியின் வைஃபையைச் சத்தமில்லாமல் அணைத்தார். அடுத்த நொடி அவர் கைப்பேசியில் ரவுட்டர் அலறியது. ஆறு புதிய கருவிகள், பெயர்கூட இல்லாமல் வெறும் எண்ணும் எழுத்துமாக, திபுதிபுவென்று உள்ளே நுழைந்திருந்தன.

"திருட்டுப் பயலுங்களா! என் பொண்ணு பேசுற நேரம் பார்த்தா வர்றீங்க?"

ஒவ்வொன்றாகத் தடுத்தார். ஆறும் ஒழிந்தன. அறைக்குள்ளிருந்து ஜோவெலினின் அலறல் கேட்டது. பேசிக்கொண்டிருந்த கனடாக்காரி பாதி வாயோடு உறைந்துபோயிருந்தாள்.

அவள் கைப்பேசியில் நெட்டுக்குப் போட்ட காசும் தீர்ந்திருந்தது. மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு பச்சிங் அக்காவின் பெட்டிக்கடைக்கு ஓடினாள். கடை வாசலில், காசு போட்டால் நெட் தருகிற இயந்திரம் உண்டு. சோப்பு அட்டைகளுக்கும் வறுவல் பாக்கெட்டுகளுக்கும் நடுவே உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி பேசத் தொடங்கினாள். நேரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று மீன்காரி ஒரு காசு போட்டாள், டிரைசைக்கிள் ஓட்டுகிறவர் ஒரு காசு போட்டார். சேவல் ஒன்றைத் தெருவே சேர்ந்து வாயைப் பொத்தித் தூக்கிப் போயிற்று.

மெல்ச்சோர் வெற்றி வீரராக வந்து சேர்ந்தார். "ஆறு திருடனையும் விரட்டியாச்சு! வீட்டுக்கு வரச் சொல்லு, இனிமே பறக்கும்!"

மகள் பின்னாலேயே ஓடி வந்திருந்த மனைவி லிகாயா அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "மெதுவா பேசுய்யா. அந்த ஆறு திருடனுக்கும் நான்தான் தினம் சோறு பொங்குறேன்."

"என்ன சொல்ற?"

"என் போன், அவ கம்ப்யூட்டர், டிவி, பசங்க போனு, எல்லாம் கம்பெனிப் பெட்டியிலதான் ஓடுச்சு. நீ வாங்குன அன்னைலேர்ந்தே. இன்னைக்கு அதை நீ அணைச்சிருப்ப, அதான் எல்லாம் உன் பெட்டிக்குத் தாவியிருக்கு. உன் கொம்பு ராசா நிமிஷத்துக்கு ஒருதரம் செத்துப் பொழைக்குது, அதை நம்பி எவன் இருப்பான்? நீ மனசு நோகக் கூடாதுன்னு சொல்லல."

அந்த மனிதருக்கு முகம் செத்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. சட்டைப்பையைத் துழாவி ஒரு காசை எடுத்து, வரிசையில் நின்று, மகளுக்காகப் போட்டார். போட்ட கை அங்கேயே நின்றது. இயந்திரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பச்சிங், உள்ள என்ன ரவுட்டர்?"

"கம்பெனி குடுத்ததுதாண்ணே. வச்சதோட சரி, நான் தொட்டதே இல்ல."

இயந்திரத்தின் முதுகைத் தட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணும்னா நான் ஒண்ணு மாத்திக் குடுக்கட்டுமா?" என்றார்.

ஜோவெலினுக்கு வேலை கிடைத்தது. விமான நிலையத்தில் லிகாயா அழுதாள், மெல்ச்சோர் மகளின் பயணப் பெட்டியில் ஒரு சின்ன ரவுட்டரைச் செருகினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்தப் பக்கம் உங்கள் கைப்பேசியில் சட்டென்று திறந்ததல்லவா? நல்லது. வீட்டில் மற்றவர்களுக்கும் திறக்கிறதா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். "திறக்குது, திறக்குது, நீங்க ஒண்ணும் எழுந்திரிக்க வேணாம்" என்று எல்லோரும் ஒரே குரலில் பதறினால், அந்த இனம் யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.